நடையா, நாற்காலியா, சைக்கிளா? முழங்கால் தேய்மானத்துக்கு எதில் தொடங்குவது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் முட்டி வலிக்கு உடற்பயிற்சி செய்யச் சொன்னால் பெண்களுக்குக் கோபம்தான் வரும். நாற்பது வருடம் வயலில் கிடந்த காலுக்கு இன்னும் என்ன பயிற்சி என்று என் அம்மாவும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் குத்துக்காலிட்டு நாற்றுப் பறிப்பதும், தலைச்சுமையோடு வரப்பில் நடப்பதும் மூட்டை அழுத்துகிற வேலைகள். தொடைத் தசைக்கு அளவாகச் சுமை கொடுத்து, பிறகு ஓய்வும் கொடுத்து வலுவேற்றுவது வேறு. மூட்டைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான்.

எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பது நடை. செலவில்லை, யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 60 வயதைக் கடந்த 439 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதங்கள் கவனித்தார்கள். ஒரு குழு நடந்தது, ஒரு குழு எடை கொண்டு தசைப்பயிற்சி செய்தது, மூன்றாவது குழுவுக்கு ஆலோசனை மட்டும். பயிற்சி செய்த இரு குழுவினருக்கும் வலி ஓரளவு குறைந்தது, நடமாட்டமும் மேம்பட்டது. ஆகவே நடை உயர்ந்ததா, தசைப்பயிற்சி உயர்ந்ததா என்று சண்டை போடுவதில் பொருளில்லை. இன்றைக்கு உங்கள் கால் எங்கே தடுமாறுகிறது என்பதைப் பாருங்கள்.

அம்மா ஹரித்திராநதித் தெப்பக்குளக் கரையில் நடக்கத் தொடங்கினார். பெரிய குளத்தைச் சுற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. பாதியில் வலி வந்தால் முன்னே போனாலும் திரும்பினாலும் ஒரே தூரம். இரண்டாம் நாளே முட்டி வீங்கிவிட்டது. நாற்காலியிலிருந்து எழவே கையூன்றுகிறவரை நான் நடக்க அனுப்பியிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் தசைப்பயிற்சிதான் என்பது என் உறுதியான கருத்து.

மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிவைத்து, மற்றதை விறைப்பாக நீட்டி ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. மூச்சை அடக்கக் கூடாது. அடுத்தது நாற்காலிப் பயிற்சி: சுவரோரம் நகராத நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து எழுவது. சிரமமாக இருந்தால் தலையணை வைத்து இருக்கையை உயர்த்துங்கள். உயரம் கூடினால் முட்டிக்குச் சுமை குறையும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் நாங்கள் மரநாற்காலியை எடுத்தோம். சலிப்பான பயிற்சி என்பதுதான் இதன் குறை. இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

நடந்தால் வலி, உட்கார்ந்தால் இல்லை என்பவர்களுக்குச் சைக்கிள் நல்லது. உடலின் எடையை இருக்கை வாங்கிக்கொள்கிறது. நம் டெல்டா சமவெளி என்பதால் மேட்டில் மிதித்து ஏறும் வேலையும் இல்லை. இருக்கையை மட்டும் உயர்த்தி வையுங்கள். மிதி கீழே இருக்கும்போது முட்டி லேசாகத்தான் மடங்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த என் சித்தப்பாவுக்கு இது பொருந்தியது. அறுபது வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள நான் யாரையும் சொல்லமாட்டேன். விழுந்தால் எலும்பு முறியும்.

நீரில் செய்யும் பயிற்சியும் மூட்டுக்கு இதமானது. இடுப்பளவு நீரில் உடல் எடை ஏறக்குறையப் பாதிதான் காலில் இறங்கும். ஆனால் பாசி பிடித்த படித்துறையும், மேட்டூர் திறந்தால் ஏறுகிற ஆற்று நீரும் அதற்கு ஏற்ற இடமல்ல.

எதைச் செய்தாலும் லேசான வலி இருக்கலாம். மறுநாளும் அது தணியாவிட்டால் அளவைக் குறையுங்கள். மூட்டு சூடாக வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அம்மாவின் நாற்காலியில் மூன்று மாதத்தில் இரண்டு தலையணை ஒன்றாகியிருக்கிறது. குத்துக்காலிட இன்னும் முடியவில்லை. தெப்பக்குளத்தின் ஒரு கரை மட்டும் போய் வருகிறார்.