கார்ல் ஃபிஷர் டைட்ரேட்டர் ரிவ்யூ: பார்மா, அரசு லேப், ஏரோஸ்பேஸ் மூணு இடத்துலயும் ஓட்டினவன் சொல்றது

புதுசா லேப் போடறவங்க, இல்ல பழைய மிஷினை மாத்தப் போறவங்க கேக்கற கேள்வி இது, கார்ல் ஃபிஷர் டைட்ரேட்டர், சுருக்கமா கேஎஃப், வாங்கணும், வால்யூமெட்ரிக் வாங்கறதா கூலோமெட்ரிக் வாங்கறதா, எந்த கம்பெனி நல்லா இருக்கும்னு. சேல்ஸ்காரர்கிட்ட கேட்டா ரெண்டையும் வாங்கிடுங்க சார்னுதான் சொல்வாரு, அவர் டார்கெட் அவருக்கு. நான் அனலிட்டிகல் கெமிஸ்ட், முதல்ல பார்மா க்யூசி (மருந்துத் தரப் பரிசோதனை), அப்புறம் அரசு சார்ந்த ஒரு ஆயில் டெஸ்டிங் லேப், இப்ப ஏரோஸ்பேஸ் மெட்டீரியல்ஸ் லேப். ஹெச்பிஎல்சி, ஜிசி, ஐசிபி மாதிரி மத்த அனலிசிஸ் மிஷின் எல்லாம் இடத்துக்கு இடம் வந்துச்சு போச்சு, மூணு இடத்துலயும் விடாம கூடவே வந்தது இந்த கேஎஃப் மட்டும்தான். அதனால ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு ஸ்டார் போடாம மிஷினையே மொத்தமா ரிவ்யூ பண்றேன். தலைவலி கொடுத்த கம்பெனி பேர் எதையும் எழுதல, கமெண்ட்ல கேட்டாலும் சொல்லமாட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஒரு பொருள்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்ற மிஷின் இது. கார்ல் ஃபிஷர்ங்கற ஜெர்மன் கெமிஸ்ட் 1935ல கொண்டுவந்த முறை, அவர் பெட்ரோலியம் ஃபீல்டு ஆளு, திரவ சல்ஃபர் டையாக்சைடுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்கறதுக்காக இதைக் கண்டுபிடிச்சாரு. ஒரு மூலக்கூறு தண்ணிக்கு ஒரு மூலக்கூறு அயோடின் செலவாகும், கூட சல்ஃபர் டையாக்சைடு, ஒரு ஆல்கஹால், ஒரு பேஸ் (காரம்) இருக்கணும், கணக்கு அவ்வளவுதான். அந்த பேஸ் அப்ப பிரிடின், அந்த நாத்தம் ஒரு தடவை மூக்குல ஏறினா சாப்பாடு இறங்காதுன்னு சீனியர்ஸ் சொல்லிக் கேட்டிருக்கேன். 1980கள்ல இமிடசோல் வந்தப்புறம்தான் மனுஷன் பக்கத்துல நிக்கற மாதிரி ஆச்சு. ஓவன்ல காய வெச்சு எடை பாக்கற எல்ஓடில தண்ணியோட சேர்ந்து மிச்சம் இருக்கற சால்வென்ட்டும் போயிடும், எது எவ்வளவு போச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. கேஎஃப் அந்த விஷயத்துல நேர்மையான மிஷின், சாம்பிள் ஒழுங்கா இருந்தா.

வால்யூமெட்ரிக் பத்தி முதல்ல, அதாவது அயோடின் கலந்த ரீஏஜென்ட்டை பியூரெட்ல இருந்து விட்டு எத்தனை மி.லி. செலவாச்சுன்னு பாக்கற வகை. பார்மால இருக்கீங்கன்னா இதுவே போதும், யோசிக்கவே வேணாம். அமாக்சிசிலின் ட்ரைஹைட்ரேட்னு எடுத்துக்கோங்க, அதோட படிகத்துலயே மூணு தண்ணி உக்காந்திருக்கு, கணக்குப்படி 12.9 சதவீதம் வரும். லாக்டோஸ் மோனோஹைட்ரேட் 5 சதவீதம். இந்த மாதிரி சதவீதக் கணக்குல இருக்கற தண்ணிக்கு, ஒரு மி.லி. ரீஏஜென்ட் 5 மி.கி. தண்ணியைப் பிடிக்கற ஸ்ட்ரெந்த்ல ஒரு பாட்டில் மாட்டிட்டு நாள் பூரா ஓட்டலாம். காலையில சோடியம் டார்ட்ரேட் போட்டோ, மைக்ரோசிரிஞ்ச்ல தண்ணி போட்டோ டைட்டர் பாக்கணும், அதாவது ஒரு மி.லி. ரீஏஜென்ட் நிஜமா எவ்வளவு தண்ணியைப் பிடிக்குதுன்னு. டார்ட்ரேட்ல 15.66 சதவீதம் தண்ணி, நம்பர் நல்ல நம்பர்தான், ஆனா செல்லுல, அதாவது சாம்பிள் போடற பாத்திரத்துல, இருக்கற மெத்தனால்ல அது கரையறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம், நாலஞ்சு வாட்டி போட்டா அப்புறம் கரையாமலே கீழ தங்கிடும், உடனே டைட்டர் கம்மியா வருது கூட வருதுன்னு ரீஏஜென்ட்டைத் திட்டுவாங்க. மெத்தனாலை மாத்துங்க முதல்ல. லாக்டோஸும் அதே கதைதான், ஃபார்மமைடு கொஞ்சம் சேர்த்து லேசா சூடு காட்டினாத்தான் உள்ள இருக்கற தண்ணியை விடும்.

பார்மால இன்னொரு செலவு சாஃப்ட்வேர். 21 சிஎஃப்ஆர் பார்ட் 11ங்கற அமெரிக்க எலக்ட்ரானிக் ரெக்கார்டு விதி, ஆடிட் ட்ரெயில், யார் எப்ப லாகின் பண்ணாங்க, எந்த ரிசல்ட்டை எதுக்கு ரிஜெக்ட் பண்ணாங்க, எல்லாம் மிஷின்லயே நிக்கணும், ஏற்றுமதி பண்ற கம்பெனின்னா இதுல பேரமே கிடையாது. அந்தப் பக்கம் போகாத சின்ன லேபுக்கு இந்த சாஃப்ட்வேரைத் தலையில கட்டுவாங்க, வேணாம்னு சொல்லுங்க, பிரிண்டர் ஒண்ணு இருந்தா போதும். பெரிய கலர் டச் ஸ்க்ரீனும் அப்படித்தான், கையுறை போட்ட விரலுக்கு ஒழுங்கா கேக்காது. பட்டன் வெச்ச பழைய மாடல்தான் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இப்ப எந்த ப்ரோஷர்லயும் இல்லாத விஷயம், ஈரக்காத்து. சென்னை பக்கம் ஐப்பசி கார்த்திகைல லேப் கதவைத் திறந்தா காத்தே தண்ணிதான், அது செல்லுக்குள்ள பூந்துகிட்டே இருக்கும். மிஷின் அதை ட்ரிஃப்ட்னு காட்டும், நிமிஷத்துக்கு இத்தனை மைக்ரோகிராம்னு. வால்யூமெட்ரிக்ல 20 காட்டினாலும் ஓட்டிடலாம், சாம்பிள்லயே மில்லிகிராம் கணக்குல தண்ணி இருக்கும். கூலோமெட்ரிக்ல அதே 20 காட்டினா கதை கந்தல், சாம்பிள்ல மொத்தமே 100 மைக்ரோகிராம்தான் இருக்கு, ரெண்டு நிமிஷம் ஓடினா 40 காத்துல இருந்து வந்தது. மிஷின் கழிச்சுக்கும்னு சொல்வாங்க, கழிக்கும், ட்ரிஃப்ட் ஆடாம நின்னா மட்டும்தான் அந்தக் கழிக்கற கணக்கு சரியா இருக்கும். சாம்பிள் போடற இடத்துல இருக்கற ரப்பர் செப்டம் ஊசி குத்திக் குத்தி சல்லடை ஆயிருக்கும், அதைக் காசு பாத்து மாத்தாம விடறவங்கதான் அதிகம். மூலக்கூறு சல்லடைன்னு புத்தகத்துல போடுவாங்களே அந்த மாலிகுலர் சீவ், காத்தோட ஈரத்தை உறிஞ்சறதுக்கு ட்யூப்ல குண்டு குண்டா இருக்கறது, அதையும் ஓவன்ல போட்டு எடுத்து ரொப்பணும், வாங்கின அன்னிக்கு ரொப்பினதே இருக்கும் பாதி லேப்ல. மிஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பாருங்க.

அரசு லேபுக்கு நான் போனப்ப எனக்குக் கிடைச்சது கூலோமெட்ரிக். இதுல பியூரெட்டே கிடையாது, அயோடினைக் கரண்ட் பாய்ச்சி செல்லுக்குள்ளயே உண்டாக்கும், ஒரு மி.கி. தண்ணிக்கு 10.71 கூலோம், அதனால டைட்டர் பாக்கற வேலையே இல்ல, ஸ்டாண்டர்டு ஆம்ப்யூல் உடைச்சு செக் பண்ணா போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் ஆயில்தான் அங்க மெயின். ஆயில்ல தண்ணி 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 10 பங்குன்னு வெச்சுக்கங்க, 10 கிராம் சாம்பிள் போட்டாலும் உள்ள இருக்கறது 0.1 மி.கி. தண்ணி, நான் மேல சொன்ன 5 ஸ்ட்ரெந்த் ரீஏஜென்ட்ல இது 0.02 மி.லி., எந்த பியூரெட்டும் அதை நம்பிக்கையா அளக்காது. சேல்ஸ்காரர் சொல்லாம விட்ட கணக்கு இதுதான், பிபிஎம் வேணும்னா கூலோமெட்ரிக், சதவீதம் வேணும்னா வால்யூமெட்ரிக், மிச்சம் எல்லாம் அலங்காரம்.

ஆனா அங்க மிஷினை விட சாம்பிள்தான் படுத்தும். சப்ஸ்டேஷன்ல மழைத் தூறல்ல எடுத்த ஆயில், கழுவி சரியா காயாத பாட்டில்ல, பாதி ரொப்பி, மூடி லூசா வந்து நிக்கும். அந்த பாட்டில்ல இருக்கற காத்தோட ஈரமே ஆயிலுக்குள்ள இறங்கியிருக்கும், நான் என்ன நம்பர் கொடுத்தாலும் அது பாட்டிலோட நம்பர்தான், ட்ரான்ஸ்ஃபார்மரோடது இல்ல. கண்ணாடி சிரிஞ்ச்ல நேரா எடுத்து மூடி அனுப்பினா அழகா வரும். இதுல இன்னொரு வேடிக்கை, ட்ரான்ஸ்ஃபார்மர்ல தண்ணியில பெரும்பகுதி ஆயில்லயே இருக்காது, காயிலைச் சுத்தியிருக்கற காகிதத்துல இருக்கும், சூடு ஏறும்போது ஆயிலுக்கு வரும், ஆறினா திரும்பிப் போகும். அதனால எடுத்தப்ப ஆயில் என்ன சூட்டுல இருந்துச்சுன்னு லேபிள்ல எழுதலைன்னா பிபிஎம் நம்பரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

கொள்முதல் விஷயமும் சொல்லணும். எல்1 டெண்டர்ல, அதாவது குறைஞ்ச விலை சொன்னவருக்கே ஆர்டர் போற டெண்டர்ல, மிஷின் வந்துடும், ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) வராது. மார்ச் மாசம் பட்ஜெட் முடிக்கணும்னு ரீஏஜென்ட்டை மொத்தமா வாங்கி அடுக்குவாங்க, மழைக்காலம் வரும்போது பாதி எக்ஸ்பயரி ஆகியிருக்கும். சப்ளையர் ஒருத்தர் மூணு மாசம்தான் எக்ஸ்பயரி பாக்கி இருக்கற பாட்டிலா அனுப்பி வெச்சாரு, கேட்டா கம்பெனியிலயே அதான் சார் ஸ்டாக்குன்னாரு. அதுக்கப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர்லயே எக்ஸ்பயரிக்கு மினிமம் எவ்வளவு இருக்கணும்னு எழுதச் சொல்லிட்டேன், நீங்களும் எழுதுங்க.

ஏரோஸ்பேஸுக்கு வந்தப்புறம்தான் இந்த மிஷினோட வரம்பு எங்க முடியுதுன்னு ஒழுங்கா தெரிஞ்சுது. விமானத்தோட ஹைட்ராலிக் ஃப்ளூயிட், ஊதா கலர்ல இருக்கும், ஸ்கைட்ரால்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், ஃபாஸ்ஃபேட் எஸ்டர். தண்ணி ஏறினா அது உடைஞ்சு ஆசிட் ஆகும், ஆசிட் ஏறினா உள்ள இருக்கற பாகங்களுக்குக் கேடு, அதனால ஓடிக்கிட்டு இருக்கற விமானத்துல எடுத்த சாம்பிளுக்குத் தண்ணி லிமிட் 0.8 சதவீதம். இது கேஎஃப்க்கு அல்வா சாப்பிடற மாதிரி, ரெண்டு மிஷின்லயும் வரும். கையில பட்டாலோ கண்ணுல தெறிச்சாலோ மட்டும் எரியும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம சிரிஞ்சைத் தொடாதீங்க.

எம்இகேன்னு ஒரு கீட்டோன் சால்வென்ட், பெயின்ட் அடிக்கறதுக்கு, ஒட்டறதுக்கு முன்னாடி பேனலைத் துடைக்கறது, அதைச் சாதாரண மெத்தனால் ரீஏஜென்ட்ல போட்டுப் பாருங்க. எண்ட் பாயிண்ட், அதாவது தண்ணி தீந்துச்சுன்னு மிஷின் காட்டற இடம், வரும், மறையும், திரும்ப வரும், நம்பர் ஏறிக்கிட்டே போகும். கீட்டோனும் மெத்தனாலும் சேர்ந்து கீட்டல் ஆகி, புதுசா தண்ணியை உண்டாக்கிட்டு இருக்கும், நீங்க அளக்கறது அந்தத் தண்ணியை. இதுக்குன்னு மெத்தனால் இல்லாத கீட்டோன் ரீஏஜென்ட் தனியா இருக்கு, விலை ஜாஸ்தி, வேற வழி இல்ல. எபாக்சி பசையை இறுக வைக்கற அமீன் ஹார்ட்னர் இன்னொரு ரகம், செல்லோட பிஹெச்சை ஏத்தி ரியாக்‌ஷனையே கெடுக்கும், பென்சாயிக் ஆசிட்டோ சாலிசிலிக் ஆசிட்டோ முன்னாடியே போட்டு வெச்சா அடங்கும். சீலன்ட்ல இருக்கற தயால்ங்கற கந்தகச் சேர்மம் வகையறா நேரா அயோடினையே சாப்பிடும், தண்ணி இல்லாமலே தண்ணி காட்டும். இதெல்லாம் மிஷினோட குறை இல்ல, ஆனா மேனுவல்ல கடைசிப் பக்கத்துல ஒரு வரியா போட்டிருக்கறது கம்பெனியோட குறைதான். டெமோவுக்கு வரவங்க எப்பவும் மெத்தனாலையும் டார்ட்ரேட்டையும்தான் கொண்டு வருவாங்க, நீங்க உங்க சாம்பிள்லயே ரொம்பப் படுத்தறதை எடுத்து நீட்டுங்க, மூஞ்சியைப் பாத்தே பாதி தெரிஞ்சிடும்.

சாட்டிலைட்டுக்கு எரிபொருளா போடற ஹைட்ரசின்ல தண்ணி பாக்கணும்னு யாராவது கேஎஃப் வாங்கக் கிளம்பினா நிறுத்துங்க. ஹைட்ரசின் அயோடினோட நேரடியா மோதும், அதுக்கு ஜிசி (கேஸ் க்ரோமடோகிராஃபி) பக்கம் போங்க. அதோட விஷத்தன்மைக்குத் தனி ஏற்பாடு வேணும், சாதாரண லேப் பெஞ்ச்ல வெச்சு பாக்கற சமாச்சாரமே இல்ல.

கம்பெனின்னு கேட்டா, சுவிஸ்காரங்க மெட்ரோம், அப்புறம் மெட்லர் டொலேடோ, ஜப்பான்ல கியோட்டோ எலக்ட்ரானிக்ஸ், இந்த மூணுலயும் கெமிஸ்ட்ரி ஒண்ணுதான், அளக்கறதுல நான் குறை சொல்லமாட்டேன். நம்ம ஊர் தயாரிப்பு வால்யூமெட்ரிக்கும் சதவீத வேலைக்கு நல்லாவே ஓடுது, பார்ட்ஸ் சீக்கிரம் கிடைக்குது. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊர்ல உக்காந்திருக்காரு. பியூரெட் வால்வு மக்கர் பண்ணி, வெளியூர்ல இருந்து ஆள் வரணும்னு வாரக்கணக்குல காத்துக்கிடந்திருக்கோம், கோடி ரூபா பேட்ச் ரிலீஸ் ஆகாம நின்னுச்சு.

கூலோமெட்ரிக் வாங்கறவங்க டயஃப்ரம்ங்கற தடுப்புச் சவ்வு இல்லாத ஜெனரேட்டர் எலக்ட்ரோடே (அயோடினை உண்டாக்கறது அதுதான்) எடுங்க, கழுவறது சுலபம், ஆயிலுக்கு அதுவே போதும். கீட்டோன் பாக்கறவங்களுக்கு மட்டும் டயஃப்ரம் இருக்கறது வேணும், அது ஆயில் பிடிச்சு அடைச்சுக்கிட்டா நைட்ரிக் ஆசிட்ல ஊறப் போட்டுக் கழுவற வேலை உங்க தலையில. செகண்ட் ஹேண்ட்ல வாங்கறதா இருந்தா ஸ்க்ரீன், பெயின்ட் எதையும் பாக்காதீங்க, புது ரீஏஜென்ட் ரொப்பி, சாம்பிள் எதுவும் போடாம ஒரு மணி நேரம் ஓட விட்டு ட்ரிஃப்ட்டைப் பாருங்க. இறங்கி நின்னா பேசலாம், இறங்கவே இல்லைன்னா செப்டத்தையும் சீவையும் மாத்தி ஒருவாட்டி பாருங்க, அதுக்கும் இறங்கலைன்னா விலை கேக்காம கிளம்பிடுங்க.