கேப் டவுன் குளிர்காலத்துக்கு யார் தோது: சென்னை ஆலோசகரா, உள்ளூர் சைக்காலஜிஸ்டா?

ஜூன் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் விடியவே ஏழே முக்கால் தாண்டிவிடும். மாலை ஆறுக்குள் சூரியன் போய்விடும். மழைக்காலமும் அதுதான். ஆண்டுதோறும் இந்த மாதங்களில் மட்டும் தூக்கம் கூடி, இனிப்பு தேடி, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் போனால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். இந்தப் பருவகால மனச்சோர்வை 1984-ல் சகாக்களோடு விவரித்து எழுதிய நார்மன் ரோசன்தால், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து அமெரிக்கா போனவர்.

வேலைக்காக இங்கே வந்த தமிழர்கள் பலர் முதலில் தேடுவது ஆன்லைனில் சென்னை ஆலோசகரைத்தான். நானும் சில மாதம் அப்படித்தான் பேசினேன். தங்கை கல்யாணக் கடன், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதது எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டணமும் ரூபாயில், குறைவு. ஆனால் அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது: நான் ஆபீஸ் முடித்து ஆறரைக்கு உட்கார்ந்தால் அவருக்கு இரவு பத்து.

இப்போது பார்ப்பது உள்ளூர் சைக்காலஜிஸ்டை, ஆங்கிலத்தில். முதல் சந்திப்பிலேயே காலண்டரை மேசையில் விரித்து, எந்தெந்த மாதம் அதிகம் லீவு போட்டீர்கள் என்று கேட்டார். மதியம் ஒரு மணிக்கு நேரம் கொடுத்து, காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வெளிச்சத்தில் நடந்து வரச் சொன்னார்.

நான் இவர் பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம் வேறு: ஜூலையில் நிலைமை மோசமானால் அடுத்து யார்? பேச்சு போதவில்லை என்று தெரிந்ததும், என் குடும்ப டாக்டருக்கு அவரே கடிதம் எழுதினார். அதே வாரம் மருந்து தொடங்கியது. சென்னையிலிருந்து இது நடக்காது.

செலவுக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. கடும் மனச்சோர்வு என்று டாக்டர் உறுதிசெய்தால், மெடிக்கல் எய்ட் (இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீடு) திட்டங்கள் கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்சப் பலனில் அது வருகிறது: ஆண்டுக்கு மூன்று வார மருத்துவமனைச் சிகிச்சை அல்லது 15 சந்திப்புகள் வரை. பில்லில் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீடு சரியாக இருக்கிறதா, தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, திட்டத்தின் பட்டியலில் உள்ளவரிடமே போக வேண்டுமா என்று முதலிலேயே போன் போட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் திட்டத்துக்குள் இருக்கும் உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். என் திட்டம் வெளிநாட்டு ஆன்லைன் பில்லை ஏற்பதில்லை.

ஆங்கிலத்தில் அழ வராது என்பவர்களுக்குச் சென்னைதான் சரி. அதை நான் மறுக்க மாட்டேன். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே மருத்துவத் துறையினரைப் பதிவுசெய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் தளத்தில் பெயரைப் போட்டாலே பதிவு தெரிந்துவிடும்.

வெயிலுக்குப் பதிலாக முன்னால் வைத்து உட்காரும் பிரகாசமான விளக்குப் பெட்டியை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. வழக்கமான வெளிச்ச அளவு 10,000 லக்ஸ், காலையில் அரை மணி நேரம். கண் நோயோ பைபோலார் பிரச்சினையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் எஸ்.ஏ.டி.ஏ.ஜி. அமைப்பின் இலவச உதவி எண்ணை அழைக்கலாம். பக்கத்தில் யாரைப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். அந்த வழியில் நான் போனதில்லை.

எந்தப் பக்கம் போனாலும் நேரத்தை மார்ச்சிலேயே வாங்கிவையுங்கள். ஜூன் வந்துவிட்டால் போனை எடுத்துக் கூப்பிடவே மனசு வராது.