காற்று வால்வுக்கான சைலன்சர்: எந்த இடத்துக்கு எந்த ரகம்

நியூமேட்டிக் லைனில் (அழுத்தக் காற்றில் ஓடும் அமைப்பில்) மிக மலிவான உதிரி, சோலனாய்டு வால்வின் (மின்சாரத்தால் மாறும் வால்வு) எக்ஸாஸ்ட் துளையில், அதாவது காற்று வெளியேறும் துளையில், மாட்டும் சைலன்சர்தான். மலிவு என்பதாலேயே யாரும் யோசித்து வாங்குவதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். கொஞ்ச நாளில் சிலிண்டர் மந்தமாக ஓட ஆரம்பிக்கும். வால்வைக் கழற்றி, சீல் கிட் மாற்றி, சிலிண்டரையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் சைலன்சர் ஞாபகத்துக்கு வரும். கடையில் கிடைக்கும் நான்கு ரகங்களை இங்கே எடைபோடுகிறோம்: சின்டர் வெண்கலம், நுண்துளை பிளாஸ்டிக், ஸ்குரூ வைத்த த்ராட்டில் ரகம், எண்ணெயைப் பிரிக்கும் எக்ஸாஸ்ட் கிளீனர். பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எல்லாமே புது சைலன்சருக்கு உரியது. எண்ணெயும் தூசியும் ஏறிய பிறகு எவ்வளவு காற்றை விடுகிறது என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். 63 மி.மீ. போர் (உள்விட்டம்), 200 மி.மீ. ஸ்ட்ரோக் (ஓட்ட நீளம்) உள்ள சிலிண்டரை 6 பாரில் ஓட்டினால், ஒரு ஸ்ட்ரோக்குக்கு ஏறக்குறைய 4.4 லிட்டர் காற்று வெளியேறும் (சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் கணக்கிட்டது). உள்ளே அழுத்தம் 0.9 பாருக்கு மேல் இருக்கும்வரை, துளையின் வாயில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். பீறிடும் காற்றின் ஒலி ஆற்றல் வேகத்தின் எட்டாவது அடுக்கில் கூடும் என்று 1952-ல் ஜேம்ஸ் லைட்ஹில் காட்டினார். அதன்படி வேகத்தைப் பாதியாக்கினால் 24 டெசிபல் குறையும். ஆகவே சைலன்சரின் முதல் வேலை, ஒரே துளையில் பீறிடும் காற்றைப் பெரிய பரப்பில் பரப்பி மெதுவாக விடுவது. இரண்டாவது வேலையை நுண்துளைகள் செய்கின்றன. துளை சிறுக்கச் சிறுக்க ஒலியின் அதிர்வெண் ஏறும். நம் காதுக்கு உறைக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைத் தாண்டி மேலே போய்விடும். சத்தத்தைக் குறைக்கிறேன் என்று எக்ஸாஸ்ட்டில் சின்ன நிப்பிளைச் சொருகினால், வேகம் அப்படியே இருக்கும், சிலிண்டர்தான் மந்தமாகும்.

சின்டர் வெண்கலம்

எல்லாக் கடையிலும் கிடைப்பது இதுதான். பித்தளை அடிப்பாகம், மேலே கூம்பு. சின்னச் சின்ன வெண்கல மணிகளைச் சூட்டில் ஒட்டவைத்தது. எள்ளுருண்டை மாதிரி, மணிகள் தொடும் இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் சந்து விட்டிருக்கும். வெப்பத்துக்கும் அடிக்கும் நன்றாகத் தாங்கும். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் இதைத் தவிர வேறு எதையும் மாட்ட வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அடிப்பாகத்தின் உள்துளை. வெளியே மரை G1/4 (கால் அங்குலக் குழாய் மரை) ஆக இருக்கும், உள்ளே துளையோ 5 மி.மீ.தான் போட்டிருப்பார்கள். வால்வின் எக்ஸாஸ்ட் துளை 8 மி.மீ. இருந்தால் காற்றின் பாதை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். கூம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயன் இல்லை. இரண்டு, கூம்பைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மணி உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உதிர்ந்த மணி வால்வுக்குள் விழுந்தால் ஸ்பூலின் (உள்ளே நகர்ந்து காற்றின் பாதையை மாற்றும் தண்டு) ரப்பரைக் கீறிவிடும்.

கூம்பு இல்லாமல் பொத்தான் மாதிரி தட்டையாக வரும் வெண்கல ரகம் M5 (5 மி.மீ. மரை) பைலட் துளைக்கு, அதாவது ஸ்பூலைத் தள்ளும் சிறு காற்று வெளியேறும் துளைக்கு, மட்டும் போதும். மெயின் எக்ஸாஸ்ட்டுக்கு அதன் பரப்பு போதவே போதாது.

வெண்கலத்தின் உண்மையான பலவீனம் எண்ணெய். லூப்ரிகேட்டரில் (காற்றில் எண்ணெய் கலக்கும் கருவி) சொட்டை அதிகம் வைத்த லைனில், எண்ணெய்ப் பூச்சில் தூசி ஒட்டி, சந்துகள் உட்புறத்திலிருந்து அடைந்துகொண்டே வரும். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்க நூற்பாலைகளில் வெளியிலிருந்தும் அடையும். எண்ணெய் கசிந்த கூம்பின்மேல் பஞ்சு படிந்து தொப்பி போட்டதுபோல் மூடிக்கொள்ளும். அங்கே தினமும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும், அல்லது கடைசியில் சொல்லியிருக்கும் பொதுக்குழாய் முறைக்குப் போய்விட வேண்டும்.

நுண்துளை பிளாஸ்டிக்

சத்தக் குறைப்பை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். பாலிஎத்திலீன் உருளை நீளமாக இருப்பதால் அதே மரை அளவுள்ள வெண்கலக் கூம்பைவிடப் பரப்பு அதிகம். பேக்கேஜிங் மிஷின், அசெம்பிளி டேபிள், ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றுக்கும் தயங்காமல் வாங்கலாம்.

கெடுவது இரண்டு விதம். பொறி பட்டால் துளைகள் உருகி மூடிக்கொள்ளும். ஸ்பேனரால் வெண்கலம்போல் இறுக்கினால் கழுத்தில் முறிந்து மரை வால்வுக்குள்ளேயே தங்கிவிடும். கையால் முழுக்கத் திருகி, ஸ்பேனரில் கால் சுற்று போதும். முறிந்துவிட்டால் முதலில் காற்றை நிறுத்தி அழுத்தத்தை வடித்துவிடுங்கள். தட்டை ஸ்குரூடிரைவரின் முனையைச் சூடாக்கி, தங்கிய துண்டில் மெதுவாக அழுத்தி, ஆறியதும் திருப்பினால் துண்டு வெளியே வரும்.

டெஃப்லான் டேப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் சீல் தேவையே இல்லை. அங்கே கொஞ்சம் கசிந்தால் ஒன்றும் நட்டமில்லை, வெளியே போக வேண்டிய காற்றுதானே. டேப்பின் நார் ஸ்பூலுக்குள் போனால்தான் நட்டம். மரையையும் சரிபாருங்கள். G1/4-ல் அங்குலத்துக்கு 19 மரை, NPT 1/4-ல் 18. ஒன்றை மற்றதில் மாட்டினால் இரண்டு சுற்று நன்றாக ஏறி, பிறகு இறுகும். அங்கே பலம் போட்டால் அலுமினிய வால்வு பாடியின் மரை போய்விடும்.

த்ராட்டில் ரகம்

சைலன்சரும் வேகக் கட்டுப்பாடும் ஒன்றாக வருவது. டியூப் குட்டையாக, வால்வு சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்ல சிக்கனம். டியூப் இரண்டு மூன்று மீட்டர் ஓடினால் சிலிண்டர் சீராக ஓடாது, குதித்துக் குதித்துப் போகும். நடுவில் உள்ள காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிவதுதான் காரணம். அங்கே சிலிண்டரின் வாயிலேயே ஃப்ளோ கன்ட்ரோல் போட்டுவிட்டு, வால்வில் சாதா சைலன்சரை மாட்டுங்கள். ஸ்குரூ முழுதாகக் கழன்று வராதபடி உள்ளே தடை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தடை இல்லாத ரகத்தில் ஸ்குரூவை அதிகம் திருப்பினால் காற்றோடு பறந்து வரும், கண்ணில் படலாம்.

எக்ஸாஸ்ட் கிளீனர்

எண்ணெய் போட்ட லைனுக்குச் சரியான விடை இதுதான். உள்ளே இருக்கும் நார் எலிமென்ட் எண்ணெய்த் துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கி, அடியில் இருக்கும் கிண்ணத்தில் விழவைக்கும். எஸ்.எம்.சி.யின் ஏ.எம்.சி. ரகத்துக்கு 99.9 சதவீத எண்ணெய்ப் புகைப் பிரிப்பும் 35 டெசிபல் சத்தக் குறைப்பும் கேட்டலாகில் கொடுத்திருக்கிறார்கள். விலை வெண்கலக் கூம்பைப்போல் பல மடங்கு. ஆனால் ஒரு வால்வுக்கு ஒன்று தேவையில்லை, ஒரு மேனிஃபோல்டுக்கு (பல வால்வுகளைச் சேர்த்து மாட்டும் அடிக்கட்டை) ஒன்று போதும். உணவு, மருந்து பேக்கிங் அறையில் எண்ணெய்ப் புகை பொருளின்மேல் படியக் கூடாது என்பதால் அங்கே இது அவசியமான செலவு. நிமிர்த்தி மட்டுமே மாட்ட வேண்டும். கிண்ணம் நிறைவதற்குள் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்த எண்ணெயைக் காற்றே மறுபடி தூக்கி வெளியே தெளிக்கும்.

பவர் பிரஸ்ஸில் கவனம்

நியூமேட்டிக் கிளட்ச்-பிரேக் உள்ள பவர் பிரஸ்ஸில் சைலன்சர் தேர்வு உயிர் சம்பந்தப்பட்டது. கிளட்ச்சிலிருந்து காற்று வெளியேறினால்தான் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கும். சைலன்சர் அடைந்திருந்தால் காற்று வடிய நேரம் எடுக்கும், ராம் (மேலும் கீழும் இறங்கி அழுத்தும் பாகம்) நிற்கும் நேரமும் அந்த அளவுக்கு நீளும். லைட் கர்ட்டனை (கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை) எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதை இந்த நிற்கும் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நேரம் கூடினால் கை உள்ளே போன பிறகும் ராம் இறங்கிக்கொண்டிருக்கும். இங்கே சின்டர் வெண்கலத்தை மாட்டவே கூடாது. கிளட்ச்சுக்குக் காற்று விடும் டபுள் வால்வைத் (ஒன்று சிக்கினாலும் மற்றது காற்றை வடிக்கும் இரட்டை வால்வு) தயாரித்தவர் அந்த வால்வுக்கென்று குறிப்பிட்ட, அடைப்பு ஏறாத, அதிகக் காற்று விடும் சைலன்சரை மட்டும் மாட்டுங்கள். நிற்கும் நேரத்தைக் குறித்த இடைவெளியில் அளந்து பதிவு செய்யுங்கள்.

அடைப்பைக் கண்டுபிடிப்பது

5/2 வால்வில் (ஐந்து துளை, இரண்டு நிலை உள்ளது) 3, 5 என்று இரண்டு எக்ஸாஸ்ட் துளைகள். 4-ஆம் துளை சிலிண்டரின் பின்பக்கத்துக்கும் 2 முன்பக்கத்துக்கும் போயிருந்தால், ராடு வெளியே வருவது மட்டும் மந்தமானால் 3-ல் உள்ள சைலன்சரைப் பாருங்கள். உள்ளே போவது மந்தமானால் 5. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மந்தமானால் எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் சேர்ந்த தொகுப்பு) பக்கம் போங்கள். வால்வே மாறாமல் நின்றால் 82, 84 என்று எண் போட்ட பைலட் எக்ஸாஸ்ட் அடைந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் லைன் அழுத்தத்தை வடித்துவிட்டுச் சைலன்சரைக் கழற்றி, காது மறைப்புப் போட்டுக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வேகம் திரும்பிவிட்டால் குற்றவாளி அதுதான்.

வெண்கலத்தை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் 2 பார் காற்றை வெளியிலிருந்து உள்நோக்கி அடிக்க வேண்டும். அழுக்கு உட்புறத்தில் தங்கியிருப்பதால் உள்ளிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு சுற்று கழுவியும் வேகம் வரவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பிளாஸ்டிக்கை சோப்புத் தண்ணீரில் கழுவலாம், தின்னர் வேண்டாம். டயாஃப்ரம் பம்ப்பில் மழைக்காலத்தில் மட்டும் அடைப்பு வந்து, சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது என்றால் அது பனிக்கட்டி. விரியும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் சைலன்சருக்குள் உறைகிறது. அதற்கு மருந்து கம்ப்ரசர் பக்கத்து டிரையர், சைலன்சர் அல்ல.

அளவும் அளப்பதும்

எந்த ரகம் வாங்கினாலும், ஒரு நிமிடத்துக்கு 20 ஸ்ட்ரோக்குக்கு மேல் ஓடும் சிலிண்டருக்கு மரை அளவில் ஒரு படி பெரியதாக எடுத்து, ரெட்யூசர் போட்டு மாட்டுங்கள். விலை கொஞ்சம்தான் கூடும், சத்தம் குறையும், அடையவும் நாளாகும். ரெட்யூசரின் உள்துளையும் வால்வின் துளைக்குக் குறையக் கூடாது.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரம்பு, 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். போன் ஆப் வைத்து இதை நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில், துளையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, காற்று வரும் திசைக்குச் சாய்வாக வைத்து இரண்டு சைலன்சரை ஒப்பிட முடியும். ஆப்பில் A எடையும் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் அமைப்பு) ஃபாஸ்ட் அமைப்பும் இருக்கட்டும். அரை விநாடி எக்ஸாஸ்ட்டை ஸ்லோ அமைப்பு குறைத்துக் காட்டிவிடும்.

பொதுக்குழாய்

வால்வுகள் நிறைய உள்ள மிஷினில் எல்லா எக்ஸாஸ்ட்டையும் ஒரே குழாயில் சேர்த்து, சுவருக்கு வெளியே ஒரு பெரிய சைலன்சர் வைப்பது மிகச் சிறந்த தீர்வு. குழாயை வால்வுத் துளையைவிட இரண்டு படி பெரிதாகப் போடுங்கள். சிறுத்தால் ஒரு சிலிண்டர் விடும் காற்று இன்னொரு வால்வின் எக்ஸாஸ்ட் வழியாகத் திரும்பிப் போய், சும்மா நிற்கும் சிலிண்டரை அசைத்துவிடும். சின்ன போர் சிலிண்டர்களின் வால்வுக்குச் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடுவது) போட்டால் அந்த அசைவு நின்றுவிடும். பைலட் எக்ஸாஸ்ட்டை இந்தக் குழாயில் சேர்க்கவே வேண்டாம். அதற்குத் தனியாக M5 சைலன்சர் மாட்டி விட்டுவிடுங்கள்.