கோடாலி வாங்கப் போறாக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

போன கிழமை நடந்தது, இன்னும் கோவம் அடங்கேல்ல. வீட்டில இருந்த பழைய கோடாலி தேஞ்சு போச்செண்டு கிளிநொச்சிப் பக்கம் ஏ9 ரோட்டுக்கரையில ஒரு ஹாட்வெயாருக்குப் போனனான். அடிச்ச இரும்பில இருக்கோ அண்ணை எண்டு கேக்க, "தம்பி இது லொறி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது, உங்கட பிள்ளையளும் கொத்தும்" எண்டு சொல்லி பச்சைப் பெயின்ற் பூசின ஒண்டைத் தூக்கித் தந்தார், 5200 ரூவா. காந்தத்தை வேற ஒட்டிக் காட்டினார். உருக்கி அச்சில ஊத்திச் செய்யிற வார்ப்பிரும்பிலயும் காந்தம் ஒட்டும் எண்டு அப்ப என்ர மண்டையில ஏறேல்ல.

மூண்டாம் நாள் பாலைக்குத்தி ஒண்டைக் கொத்தேக்க பிடி போடுற ஓட்டையடியில டப்பெண்டு வெடிச்சு, ஒரு துண்டு பறந்துபோய் கோழிக்கூட்டுத் தகரத்தில அடிச்சுது, அஞ்சு நிமிசத்துக்கு முன்னம் அம்மா அதிலதான் நிண்டவ.

துண்டுகளை அள்ளிக்கொண்டு எங்கட ஊர்ப் பட்டடை ஐயாட்டப் போனன். முறிஞ்ச இடத்தைப் பாத்த உடனயே சிரிச்சிட்டார். சாம்பல் நிறத்தில மணி மணியா இருக்கு, கொஞ்சமும் வளையேல்ல. அடிச்ச உருக்கெண்டா முறிய முந்தி வளைஞ்சு காட்டும் எண்டார். வார்ப்பிரும்பில கரி (காபன்) 2 தொடக்கம் 4 வீதம் மட்டில இருக்குமாம், ஸ்பிரிங் பட்டையில 0.6 வீதமளவுதான், அந்தக் கூடின கரிதான் உள்ளுக்குத் தாள் தாளா நிண்டு வெடிக்க வைக்கிறது. தோசைக்கல்லுக்கு அது திறம், கோடாலிக்கு இல்லை. பெயின்றைச் சுரண்ட, அச்சு ரெண்டும் பொருந்தின வரம்பு ஓட்டைக்குள்ள அப்பிடியே கிடக்கு, வெளியில மட்டும் ராவி மறைச்சிருக்கிறாங்கள். கிறைண்டரில பிடிக்க மங்கல் சிவப்பாக் கட்டைப்பொறி, ஸ்பிரிங் துண்டைப் பிடிக்க மத்தாப்பு மாதிரி நீட்டுக்குப் பூத்துது. இதை முன்னமே பாத்திருந்தா!

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனா, பெயின்ற் சுரண்டியாச்சு எடுக்கேலாதாம். பில்லைக் காட்டினன், அதில "கோடாலி 1" எண்டு மட்டும்தான் கிடக்கு. நீங்கள் வாங்கினா "அடிச்ச உருக்கு" எண்டு எழுதுவிச்சு வாங்குங்கோ, எழுத மாட்டன் எண்டா விட்டிட்டு வாங்கோ.

இப்ப ஐயாவே ஒண்டு அடிச்சுத் தந்திருக்கிறார். கிறைண்டரில கனநேரம் பிடிக்காத, வாய் நீலம் பாஞ்சா பதம் போச்சு, அரத்தால ராவி எண்ணெய் பூசி வை எண்டவர்.

நேற்று அந்தக் கடையால போகேக்க பாத்தன், வாசல்ல இன்னும் ஆறு பச்சைக் கோடாலி சாத்திக் கிடக்கு.