ட்ரைக்கோடெர்மா எண்டு சொல்லி செத்த பவுடர் விக்கிறாங்கள், கவனம்

நிலாவெளி, குச்சவெளி, கன்னியா பக்கம் மிளகாய் வெங்காயம் செய்யிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. திருகோணமலை டவுனில ஒரு விவசாயக் கடையில ட்ரைக்கோடெர்மா எண்டு, அதாவது பயிர் அழுகல் நோயைத் தடுக்கிற உயிருள்ள நல்ல பங்கஸ் கலந்த பவுடர் எண்டு, ஒரு கிலோ பக்கட் விக்கினம். பேரைப் போட்டா வேற வில்லங்கம் வரும், அதால விடுறன்.

இந்தமுறை மிளகாய் நாத்துமேடைக்கு வாங்கினனான். எங்கட மண்ணில நாத்து அடித்தண்டு அழுகி அப்பிடியே படுத்திடும், போன போகமும் பாதி போச்சு. பக்கட்டைக் கையில தந்திட்டு கடைக்காரர் சொல்றார், "தம்பி, வாடின கண்டுக்கு ஊத்துங்கோ, காலமை எழும்பி நிக்கும்." அதோட நிண்டாரா, காபெண்டசிம் எண்ட பங்கஸ்கொல்லிப் பக்கட் ஒண்டையும் எடுத்து வச்சிட்டு ரெண்டையும் ஒரே டாங்கில கலந்து அடிக்கட்டாம். அண்ணை, இதுவும் பங்கஸ், அது பங்கஸ் மருந்து, கலந்தா இதுதானே முதல்ல சாகும் எண்டு கேட்டன். "அது கெட்ட பங்கஸ மட்டுந்தான் கொல்லும்" எண்டு சிரிக்கிறார். காபெண்டசிம்முக்கு நல்லது கெட்டது தெரியுமோ?

தெரியாத ஆக்களுக்கு, ட்ரைக்கோடெர்மா வாடின கண்டை எழுப்பிற மருந்தில்ல. அது மண்ணில முந்தி இடம் பிடிச்சு, பிதியம், ரைசொக்டோனியா மாதிரி அழுகல் நோய்க்கிருமிகளுக்குச் சாப்பாடு கிடைக்காமப் பண்ணும், அதுகளிட நூல் மாதிரி உடம்பில சுத்திப் படர்ந்து சுவரைக் கரைச்சுத் தின்னும். அதால நோய் வர முதலே போடவேணும். பக்டீரியா வாடலுக்கோ இலை சுருளுற வைரசுக்கோ இது மருந்தில்ல.

நான் காபெண்டசிம் வாங்கேல்ல. பவுடரை மட்டும் மக்கின மாட்டெருவில கலந்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி நிழலில வச்சு, இடைக்கிடை கிளறி, பிறகுதான் மேடைக்குப் போட்டு விதைச்சன். ஆனா பங்கஸ் உயிரோட இருந்தா எருவில வரவேண்டிய வெள்ளைப் படலமும் இல்ல பச்சையும் இல்ல, நாத்தும் வழமை போல படுத்திட்டுது.

சந்தேகத்தில சோறு அவிச்சு ஆறவிட்டு ரெண்டு பையில போட்டு, ஒண்டில இந்தப் பவுடர், மற்றதில மச்சான் வேற இடத்தில வாங்கின புதுப் பக்கட் பவுடர் தூவி வச்சன். மச்சான்ட பை நாலஞ்சு நாளில பஞ்சு மாதிரி வெள்ளையாப் படர்ந்து பிறகு கரும்பச்சையாப் போச்சு. என்ட பையில சோறு புளிச்சு நாறினதுதான் மிச்சம். (சோத்தில சாதாரண பூசணமும் பச்சையா வரும், அதால நல்ல பக்கட் ஒண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கிறதுதான் புத்தி.)

பிறகுதான் பக்கட்டை வடிவாப் பாத்தன். திகதிக்கு மேல ஒரு ஸ்டிக்கர், நகத்தால சுரண்டினா கீழ வேற திகதி, காலாவதியாகி எவ்வளவோ காலம். உள்ள இருக்கிறது உயிருள்ள சாமான், டல்க் பவுடரில கலந்தது சும்மா வச்சாலே கொஞ்ச மாசந்தான் தாங்கும், இவர் கடை வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில கச்சான் காத்து வெயிலில அடுக்கி வச்சிருக்கிறார். உள்ளுக்கு உயிர் எங்க இருக்கப்போகுது? ஒரு கிராமில எவ்வளவு உயிர் வித்து இருக்கெண்டும் லேபலில இல்ல. இன்னொரு கள்ள வேலை, பக்கட்டில "மண் வளமூட்டி" எண்டுதான் எழுதியிருக்கு. நோய்க்கு மருந்தெண்டு விக்கிறதெண்டா 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடைநாசினிப் பதிவாளரிட்ட பதிவு வேணும், அதில இருந்து தப்பத்தான் எழுத்தில வளமூட்டி, வாயில மருந்து.

கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டா எங்கட மண் பிழையாம், தண்ணி கூடிப்போச்சாம், ஸ்டிக்கர் கம்பெனி ஒட்டினதாம். பில் கேட்டதுக்கு, "பழகின ஆக்களுக்கு என்ன தம்பி பில்லு" எண்டார். காசும் தரேல்ல, பக்கட்டும் மாத்தித் தரேல்ல.

இதே பக்கட் வாங்கின ஆக்கள் வெறும் பையை எறிஞ்சு போடாதேங்கோ, ஸ்டிக்கரை உரிச்சு ரெண்டு திகதியும் தெரிய போட்டோ எடுத்து வையுங்கோ. நான் என்ட பக்கட்டை கமநல நிலையத்துக்குக் கொண்டு போய் விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டப் போறன். வேற ரெண்டு மூண்டு பேரும் சேந்து வந்தா கடைக்காரர் எங்கட மண்ணில பழி போடேலாது.