இயர் பிளக்கா, இயர் மஃப்பா: கழற்றும் நேரம்தான் கணக்கு

கிரைண்டரும் கட்டிங் மெஷினும் ஓடும் இடத்தில் வேலை. காதுக்குள் செருகும் இயர் பிளக், காதை மேலே மூடும் இயர் மஃப் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு மஃப்புக்கு வந்து சேர்ந்தவன் நான். அதனால் இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்பாஞ்ச் இயர் பிளக்கின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. விலை குறைவு, பாக்கெட்டில் அடங்கும், ஹெல்மெட்டில் இடிக்காது, புழுக்கத்தில் காதைச் சுற்றி வியர்க்காது. சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணும் பெரும்பாலும் அதற்குத்தான் அதிகம். ஆனால் அது ஆய்வகத்தில் பக்குவமாகச் செருகி அளந்த எண். வேலையிடத்துக்கு வந்தால் அதில் மஃப்புக்குக் கால் பங்கு, ஸ்பாஞ்ச் பிளக்குக்குப் பாதி கழித்துக்கொள்ளச் சொன்னது, தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) அமைப்பு, 1998-ல்.

அதைவிடப் பெரிய விஷயம், எவ்வளவு நேரம் கழற்றி வைக்கிறோம் என்பது. 30 டெசிபல் குறைக்கும் கருவியை 8 மணி நேர ஷிப்டில் மொத்தமாக அரை மணி நேரம் கழற்றினால், அன்றைய பாதுகாப்பு ஏறக்குறைய 12 டெசிபலுக்கு இறங்கிவிடும். பாதி ஷிப்ட் கழற்றினால் மிஞ்சுவது வெறும் 3. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், திறந்த காதோடு நின்ற கொஞ்ச நேரமே நாள் முழுவதன் கணக்கையும் தின்றுவிடுகிறது.

கழற்றாமல் இருக்கவும் முடியாது. யாராவது கூப்பிடுவார்கள், அளவு கேட்பார்கள். பிளக்கைத் திரும்பப் போட வேண்டுமென்றால் கை சுத்தமாக இருக்க வேண்டும், மெல்லிசாக உருட்ட வேண்டும், மறு கையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உப்பும்வரை பிடித்திருக்க வேண்டும். கிரீஸ் கையோடு இதை யார் செய்வார்கள்? பாதி செருகியபடி வேலை தொடரும். மஃப் என்றால் காது மேல் இறக்கிவிட்டால் முடிந்தது.

"சத்தம் பழகிப்போச்சு" என்பவர்களுக்கு எது கொடுத்தாலும் ஒன்றுதான். காது சத்தத்துக்குப் பழகுவதில்லை. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சுச் சத்தங்கள் முதலில் மங்குவதால் ஆரம்பத்தில் தெரிவதில்லை, அவ்வளவுதான். "மெஷின் சத்தம் கேட்டாத்தான் கோளாறு புரியும்" என்பது மட்டும் நியாயமான பேச்சு. அவர்கள் எண் குறைந்த மஃப்பை எடுக்கலாம். பேச்சு போன்ற சின்னச் சத்தத்தை உள்ளே விட்டு, பெரிய சத்தத்தை அடக்கும் எலக்ட்ரானிக் மஃப்பும் உண்டு. கொஞ்ச நேரமே போட்டிருக்கிறேன் என்பதால் அதற்குச் சான்றிதழ் தர மாட்டேன்.

மஃப்பிலும் குறை உண்டு. கண்ணாடிக் காம்பு இடுக்கில் சத்தம் புகும், மெத்தை இறுகிவிட்டால் மாற்ற வேண்டும். அப்புறம், ஷிப்ட் முழுக்க ஒரே இரைச்சலில், பேச ஆளில்லாமல் நிற்பவருக்கு நானே பிளக்தான் சொல்வேன். 100 டெசிபலுக்கு மேல் போனால் இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள், கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான்.