எந்தக் கோவிந்தசாமி? சிங்கப்பூரின் மூவரை அருகருகே வைத்துப் பார்த்தால்

சிங்கப்பூரில் கோவிந்தசாமி என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய தமிழர்கள் பத்துப் பேர் கூடினால் அதில் ஒரு கோவிந்தசாமியாவது இருப்பார். இல்லாவிட்டால் யாராவது ஒருவருக்கு அப்பா பெயர் அதுவாக இருக்கும். அந்தப் பெயரில் இந்நாட்டுப் பொதுவாழ்வில் தடம் பதித்தவர்கள் என்று தேடினால் மூன்று பேர் முன்னே வருகிறார்கள்: வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளை, ஆன்சன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பெருமாள் கோவிந்தசாமி, எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி.

பள்ளியில் "நம் முன்னோடிகளில் ஒருவரைப் பற்றிப் படைப்பு செய்து வா" என்று சொல்லிவிட்டால் பெற்றோர் உடனே முதலாமவரைத்தான் கைகாட்டுகிறார்கள். தமிழ்மொழி விழா மாதத்தில் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளையவர்கள் அந்த இடத்துக்கு முழுத் தகுதி உள்ளவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மற்ற இருவரையும் பிள்ளைகள் கேள்விப்படாமலே வளர்கிறார்களே என்ற வருத்தம் உண்டு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் பி. கோவிந்தசாமி பிள்ளை, சுருக்கமாக பிஜிபி. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தில், வளர்ந்த பெரியவர்களிடம் முழுப்பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள், 'பிஜிபி' என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். (இன்றைய பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதே மூன்றெழுத்து கெந்த் ரிட்ஜ் பக்கம் உள்ள விடுதியைக் குறிக்கிறது. தாத்தாவும் பேத்தியும் இதைப் பற்றிப் பேசினால் இருவரும் வேறு வேறு ஊரில் இருப்பார்கள்.) 1887ல் தமிழ்நாட்டில் பிறந்தவர், 1905ல் சிங்கப்பூர் வந்தார். மளிகைக் கடையில் உதவியாளராகத் தொடங்கி, சிராங்கூன் சாலையில் சொந்தக் கடை போட்டு, அதைப் பல கடைகளாகப் பெருக்கினார். சேலை வேண்டுமா, மசாலை வேண்டுமா, பிஜிபி கடைக்குப் போ என்று இருந்த காலம் அது.

அவர் சம்பாதித்ததைவிட, அதை எங்கே கொடுத்தார் என்பதுதான் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. 1855ல் நரசிங்கப் பெருமாள் கோயிலாகத் தொடங்கிய இடம்தான் இப்போது ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். அங்கே பிஜிபி பெயரில் கல்யாண மண்டபம் இருக்கிறது. 1965ல் சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் அதைத் திறந்து வைத்தார். எத்தனையோ குடும்பங்களின் திருமணப் படங்களில் பின்னணியாக இருப்பது அந்த மண்டபம்தான். அப்புறம் ஐந்து நிலை ராஜகோபுரம். அதற்குப் பெருங்கொடை கொடுத்தவர் இவர். குடமுழுக்கு நடந்தது 1979ல், மறு ஆண்டு அவர் காலமானார். தைப்பூசத்தன்று காவடியும் பால்குடமும் இந்தக் கோபுரத்தடியில் இருந்துதான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படுகின்றன. சிங்கப்பூர்த் தமிழரில் இந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்காதவர் குறைவு.

பிள்ளைகளின் படைப்புக்கு இது பெரிய வசதி. நேரில் போகலாம், படம் எடுக்கலாம், பாட்டியிடம் பேட்டி காணலாம். ஆனால் வசதியே ஒரு குறையாகவும் ஆகிவிடுகிறது. ஒன்றுமில்லாமல் வந்தார், உழைத்தார், கொடுத்தார் என்று மூன்று வரியில் கதை முடிந்துவிடும். ஒரு கடைக்காரர் அந்தக் காலத்தில் எப்படி முதல் திரட்டினார், யாருக்குக் கடன் கொடுத்தார், புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தக் கடை என்னவாக இருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. பிஜிபியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தக் கேள்விகளைக் கேட்டால், இவர் மற்ற இருவரையும் சுலபமாகத் தோற்கடித்துவிடுவார்.

இரண்டாமவர் பெருமாள் கோவிந்தசாமி. மூவரில் இவருடைய பெயர்தான் மிகவும் மங்கிப்போயிருக்கிறது. ஆன்சன் என்றால் அரசியல் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது 1981, ஜே.பி. ஜெயரத்தினம், பாட்டாளிக் கட்சி. அதற்கு முன்பு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அந்தத் தொகுதி ஒரு கோவிந்தசாமியின் கையில் இருந்தது என்பது பலருக்குச் செய்தி.

நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1961 ஆன்சன் இடைத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியை (மசெக) தோற்கடித்தவர் டேவிட் மார்ஷல், சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். 1963 செப்டம்பர் 16ல் மலேசியா உருவானது. ஐந்தே நாளில், 21ஆம் தேதி, பொதுத்தேர்தல். மார்ஷல் இந்த முறை சுயேச்சையாக நின்றார். வென்றவர் மசெக வேட்பாளர் கோவிந்தசாமி. அதன் பிறகு 1968, 1972, 1976 என்று எல்லாத் தேர்தல்களிலும் ஆன்சன் அவரிடமே இருந்தது. இனக் கலவரம், மலேசியாவிலிருந்து பிரிந்தது, பிரிட்டிஷ் படைகள் வெளியேறியது எல்லாம் அவர் உறுப்பினராக இருந்த காலத்தில்தான் நடந்தன. தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி அது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய, அதில் நம் ஆட்களும் கணிசம்.

அவர் மறைந்ததால் 1979 பிப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. மசெகவின் தேவன் நாயர் வென்றார். அவர் 1981ல் அதிபரானதும் மறுபடியும் இடைத்தேர்தல். அதில்தான் ஜெயரத்தினம் வென்றார். 1968 தேர்தலுக்குப் பிறகு மசெகவைச் சாராத ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் போனது அதுவே முதல் முறை. ஆக, மார்ஷல், கோவிந்தசாமி, நாயர், ஜெயரத்தினம் என்ற இந்தச் சங்கிலியில் மூன்று பேரைப் பற்றிப் புத்தகமே இருக்கிறது. நடுவில் மிக நீண்ட காலம் இருந்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொகுதியும் இப்போது இல்லை, 1988 தேர்தலோடு அந்தப் பெயரே வரைபடத்திலிருந்து போய்விட்டது.

இவரைத் தேர்ந்தெடுப்பது கடினமான வழி. பழைய செய்தித்தாள்களைத் தோண்ட வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல்: 1960களிலும் 70களிலும் செய்திகளில் வரும் 'பி. கோவிந்தசாமி' வணிகரா உறுப்பினரா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இருவரும் ஒரே காலத்தில், ஒரே முதலெழுத்தோடு, ஒரே ஊரில் பொதுவாழ்வில் இருந்தார்கள். கோயில், கடை, கொடை என்று வந்தால் பிள்ளை. ஆன்சன், தொகுதி, மன்றம் என்று வந்தால் உறுப்பினர். நான் இதை உயர்நிலைப்பள்ளி மூத்த மாணவர்களுக்கும் தொடக்கக் கல்லூரிக்காரர்களுக்கும் தருவேன். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இப்போது மூன்றாமவர். என் மனம் எங்கே சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நா. கோவிந்தசாமி 1946ல் பிறந்தார். பள்ளி ஆசிரியர், பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர், நல்ல சிறுகதையாளர். 1970களின் பிற்பகுதியில் 'இலக்கியக் களம்' என்ற அமைப்பின் மூலம் உள்ளூர்க் கதைகளை எடுத்து வைத்து விமர்சனம் செய்யும் வழக்கத்தை ஊன்றினார். எழுதியவரைப் பாராட்டி மாலை போட்டு அனுப்பும் ஊரில், எழுத்தை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்க ஒரு துணிச்சல் வேண்டும். 1994ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்குக் கிடைத்தது. இதோடு நின்றிருந்தால்கூட அவர் நினைக்கப்பட வேண்டியவர்தான்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் அவரைத் தனியே நிறுத்துகிறது. 1995ல் இணையம் என்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கான இடம். தமிழ் எழுத்துருக்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தது. ஒரு எழுத்துருவில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். நா. கோவிந்தசாமி 'கணியன்' என்ற பெயரில் தமிழுக்கான எழுத்துருவும் விசைப்பலகை முறையும் உருவாக்கினார். பெயர் எங்கிருந்து வந்தது என்று தமிழ் படித்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வில் இருந்த டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரோடு சேர்ந்து அதை இணையத்தில் ஏற்றினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் தெங் சியோங் சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை இணையத்தில் தொடங்கி வைத்தபோது, ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழும் தமிழ் எழுத்திலேயே திரையில் தெரிந்தது. இணையத்தில் தமிழ் ஏறிய முதல் நிகழ்வாக அதைத்தான் பரவலாகச் சொல்கிறார்கள்.

ஒரு தமிழாசிரியரும் இரண்டு சீன ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றினார்கள் என்பது எனக்குச் சிங்கப்பூரைப் பற்றி நிறையச் சொல்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்று சட்டத்தில் எழுதி வைப்பது ஒன்று. நான்காவது மொழியைப் பேசுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது, புதிதாக வரும் ஒவ்வொரு தொழில்நுட்பத்திலும் அது விட்டுப்போகாமல் யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்த யாராவது அன்றைக்கு இவர்.

அவர் தன் முறையோடு நின்றுவிடவில்லை. 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாட்டைக் கூட்டினார். பல நாட்டுத் தமிழ்க் கணினியாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, விசைப்பலகையையும் குறியீட்டையும் எப்படிப் பொதுவாக்குவது என்று பேசினார்கள். ஆளுக்கொரு முறை கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள், எல்லாருக்கும் தங்களுடையதே சிறந்தது என்ற பிடிப்பு இருந்தது. அவர்களை ஒன்றாக உட்கார வைத்ததே பெரிய காரியம். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது, 'தமிழ்99' விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். வயது 53.

அவருக்கு எதிரான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அது வலுவானது. கணியன் இன்று புழக்கத்தில் இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் வந்த பிறகு அந்தக் காலத்து முறைகள் எல்லாமே ஓய்ந்துவிட்டன. பிஜிபி கொடுத்த கோபுரம் அப்படியே நிற்கிறது, மண்டபத்தில் இந்த வாரமும் கல்யாணம் நடக்கலாம். நா. கோவிந்தசாமி கட்டியதைத் திறந்து பார்க்கக்கூட இன்றைய கணினியில் வழியில்லை. அப்படியென்றால் நிலைத்தது எது, அழிந்தது எது?

நான் இப்படிப் பார்க்கிறேன். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பிஜிபிக்கு முன்பும் இருந்தார்கள், பின்பும் இருக்கிறார்கள். அவர் அந்த வரிசையில் மிகப் பெரியவர். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தமிழர்கள் வேறு பலர் இருந்தார்கள். 1995ல் அந்த வேலையை எடுத்துச் செய்ய இன்னொரு தமிழாசிரியர் இந்த ஊரில் தயாராக இருந்தாரா? எனக்குத் தெரிந்து இல்லை. மலேசியாவிலும் சுவிட்சர்லாந்திலும் தமிழ்நாட்டிலும் வல்லவர்கள் தனித்தனியே தமிழ்க் கணிமைக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள், உண்மைதான். ஆனால் ஓர் அரசின் மேடையில், மற்ற மொழிகளுக்குச் சமமாக, ஒரே நாளில் தமிழ் ஏறியது இங்கேதான். அந்த வாய்ப்பு வந்தபோது எழுத்துருவோடு தயாராக நின்றவர் அவர்.

இன்னொன்றும் உண்டு. பிஜிபியின் பெயர் மண்டபத்தில் இருக்கிறது. உறுப்பினரின் பெயர் தேர்தல் பதிவேட்டில் இருக்கிறது. மூன்றாமவரின் வேலை நாம் ஒவ்வொருவரும் கைப்பேசியில் தமிழில் அனுப்பும் செய்திக்கு அடியில் எங்கோ கிடக்கிறது, பெயரில்லாமல். அதனால்தான் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் அவர் விஷயத்தில் கூடுதல் என்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்றால் பிஜிபி. ஒரு சனிக்கிழமை காலை பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், கோபுரத்தைக் காட்டுங்கள், மண்டபத்தில் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர்களையே தேடவிடுங்கள். வரலாறும் அரசியலும் பிடிக்கும் பதினேழு வயதுக்காரருக்கு ஆன்சன் கோவிந்தசாமி. முன்பு யாரும் அதிகம் எழுதாத மனிதர் என்பதால் சொந்தமாகக் கண்டுபிடிக்க இடம் நிறைய. இடையில் உள்ள எல்லாருக்கும், பெற்றோரையும் சேர்த்து, நா. கோவிந்தசாமிதான் என் தேர்வு.

அவரைப் பற்றித் தேடும்போது வெறும் 'கோவிந்தசாமி' என்று தட்டினால் மற்ற இருவரும் சேர்ந்து வந்து விழுவார்கள். 'கணியன்', 'தமிழ்நெட்', 'இலக்கியக் களம்' என்ற சொற்களில் ஒன்றைச் சேர்த்துத் தட்டுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் அவருடைய சிறுகதைகளையும் கேட்டுப் பாருங்கள். கணினிக்காரராக மட்டும் அவரைத் தெரிந்துகொண்டால் பாதி மனிதர்தான் கிடைப்பார். கதைகளை முதலில் படிக்கச் சொல்வேன்.